பச்சைமுத்துவின் ஜப்பான் குஸ்தி

என் வீட்டுக்காரர் பச்சைமுத்துவுக்கு அடுகோடிப் பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் குஸ்தி. குஸ்தி என்றால் நிஜக் குஸ்தி இல்லை, பொருட்காட்சி மைதானத்தில் டிக்கெட் போட்டு நடத்துகிற ஷோ. கேபிள் டிவி வந்து, ஊருக்கே அமெரிக்கக் குஸ்திப் பைத்தியம் பிடித்திருந்த சமயம் அது. மைக்கில் சவால், முகத்தில் சாயம், அடிக்கும்போதே மேடைப் பலகையில் காலால் ஓர் உதை. சத்தம்தான் பலமாக வரும். இவருக்கு எப்போதும் தோற்கிற வில்லன் வேஷம். எதிராளி தூக்கும்போது ஜனங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக் கோணிக் காட்டுவார், மைதானமே விசிலடிக்கும். நாங்கள் குடியிருக்கிற ஜீவனஹள்ளியில் நான் தண்ணீர் பிடிக்கப் போனால், உன் புருஷன் டூப்பு ஃபைட்டுதானே என்று கேட்பார்கள். குடத்தாலேயே ஒன்று போடலாமா என்று வரும். அவருக்கும் அது உள்ளே அறுத்துக்கொண்டுதான் இருந்தது.

தொண்ணூற்றேழில், யாரோ ஜப்பானிலிருந்து கொண்டுவந்த குஸ்தி கேசட் ஒன்று வீடியோ கடையில் அவர் கையில் சிக்கியது. அப்புறம் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. அங்கேயும் யார் ஜெயிப்பது என்று முதலிலேயே பேசிக்கொண்டுதான் இறங்குகிறார்களாம். ஆனால் அடி நிஜ அடி. வேஷம் இல்லை, வாய்ச்சவடால் இல்லை, கறுப்பு ஜட்டியோடு சரி. ஒருவன் நெஞ்சில் பளாரென்று அறைகிறான், மற்றவன் நெஞ்சை நிமிர்த்தி இன்னொன்று கேட்கிறான். தோற்றவனுக்கும் கைதட்டுகிறார்கள். ஆனால் குஸ்தி நடக்கும்போது ஜனங்கள் மூச்சு விடவில்லை. தூங்குகிறார்களா என்று கேட்டேன்.

"அது மரியாதைடீ," என்றார்.

ஒரே ஒரு தடவை நம் ஊரிலும் அப்படி ஆட வேண்டும், பார்க்கிறவர்கள் நம்ப வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான்.

பட்டறைக் கூட்டாளி கிருஷ்ணப்பாதான் ஜோடி. பின்னாலிருந்து இடுப்பைக் கட்டித் தூக்கி, அப்படியே வளைந்து பின்பக்கமாகப் போடுகிற பிடியை மாதக்கணக்கில் பழகினார்கள். விழுகிறவன் தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு தோளில் விழ வேண்டும். விழுந்ததும் போட்டவன் யாருக்கும் தெரியாமல் அவன் கையை அமுக்குவான். திருப்பி அமுக்கினால், நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். வீட்டில் காபி வாங்கும்போதுகூட என் கையை அமுக்குவார், கிறுக்கு மனுஷன்.

ஜப்பான் குஸ்திக்கு நாள் குறித்த ஞாயிறும் வந்தது. அன்று முகத்தில் சாயமில்லாமல் இறங்கினார். வாங்கிய அறையில் நெஞ்சு சிவந்துபோனது. மைதானம் அடங்கிவிட்டது, ஒரு விசில் இல்லை. நம்பிவிட்டார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்குத்தான் அது புரியவில்லை. ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை என்று பயந்துவிட்டதாக அப்புறம் ஆஸ்பத்திரியில் சொல்லி அழுதார். கிருஷ்ணப்பா தூக்கிய நேரம் பார்த்து, பழைய வழக்கப்படி ஜனங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக் கோணிக் காட்டினார். விசில் பறந்தது. கழுத்து மடங்கி விழுந்தார்.

கிருஷ்ணப்பா கையை அமுக்கினான். மறுபடியும் அமுக்கினான். அசையாமல் கிடந்தவரைப் பார்த்து, என்னமா நடிக்கிறான் என்று மைதானமே கைதட்டியது. பாவிகளா என்று கத்திக்கொண்டே நான் ஓடினேன்.

கழுத்துக்குக் கீழே இனி எதுவும் அசையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சு மட்டும் இருக்கிறது. கிருஷ்ணப்பா ஞாயிறு தவறாமல் வருவான். அவனை நான் திட்டாத திட்டில்லை, தலை குனிந்து வாங்கிக்கொள்வான். கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையை எடுத்து அமுக்கிக்கொண்டே இருப்பான்.

போன வாரம் திடீரென்று அவர் முகம் மலர்ந்தது.

"திருப்பி அமுக்குனேன்டா, தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது மச்சான்," என்றான் கிருஷ்ணப்பா.

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஒரு விரல்கூட அசையவில்லை. அவர் கண்ணைத் திருப்பி, நீ பார்த்தாயா பாஞ்சாலி என்று என்னைக் கேட்டார். யாராயிருந்தாலும் முகத்துக்கு நேரே உள்ளதைச் சொல்லிவிடுகிற வாய் என்னுடையது.

"பாத்தேன்யா," என்றேன். "நல்லா அமுக்குன."