மார்கழியில் நின்ற பெல்ட்

எழுபதுகளில் கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் எலக்ட்ரீசியனாக இருந்தேன். மார்கழிக் குளிரில் கன்வேயர் பெல்ட்டின் உருளைகளில் கிரீஸ் இறுகிவிடும். அதனால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும். வோல்டேஜ் குறைந்தால் நின்றுவிடும்.

ஒரு காலையில் எத்தனை முறை சுவிட்சைப் போட்டும் பெல்ட் அசையவில்லை. அது ஓடாவிட்டால் பெல்ட்டுக்குக் கல் சுமக்கும் ஆட்களுக்கு அன்று வேலையில்லை. பக்கத்துத் தோட்டத்தில் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த எஸ்தர் அக்கா வேலியோரம் வந்தார்.

"ஏன் தம்பி எல்லாரும் சும்மா இருக்காவ?"

"வோல்டேஜ் பத்தலக்கா. உங்க பம்புசெட்டும் இதே லைன்தான்."

உடனே தோட்டத்துக்குள் திரும்பிப் போனார். பம்புசெட் சத்தம் நின்றது. நான் சுவிட்சைப் போட்டதும் பெல்ட் மெல்ல நகர்ந்தது.

வெயில் ஏறி கிரீஸ் இளகிய பிறகுதான் அவர் மறுபடி பம்பைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கரண்டே போய்விட்டது. எங்களுக்கு அரைநாள் வேலை நடந்திருந்தது. அவருடைய செடிகளில் பாதி நனையவே இல்லை.

மறுநாள் காலை மனம் கேட்காமல் அவரிடம் போனேன். பம்பு ஏற்கெனவே நின்றிருந்தது.

"செடி ஒருநாள் தாங்கும் தம்பி. நீங்க முதல்ல ஓட்டுங்க."

அந்த மார்கழி முழுவதும் நாங்கள் கேட்காமலே காலையில் பம்பை நிறுத்திவைத்தார். பிறகு எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்தேன். அப்படி ஒரு பக்கத்துத் தோட்டம் எனக்கு மறுபடி அமையவில்லை.