பஸ்ஸில் போக்கர் படித்த வாத்தியார்

மூன்று மாதமாகப் போனில் போக்கர் சீட்டாட்டம் பழகுகிறேன். காசு வைத்து ஆடுவதில்லை. வீடியோ பார்த்து, கொப்பியில் குறிப்பெழுதி, தினமும் பயிற்சி.

இன்று காலை தெல்தோட்டை பஸ்ஸிலும் அதேதான். இயர்போன் சரியாக மாட்டாததை நான் கவனிக்கவில்லை.

"கையில நல்ல சீட்டு இல்லாட்டியும் இருக்கிற மாதிரி காட்டுங்க" என்று போன் பஸ் முழுக்கக் கத்தியது.

பக்கத்து சீட் அம்மா திரும்பினார்.

"சேர், நீங்களா? ஒங்களப் பாக்கத்தான் ஸ்கூலுக்கு வர்றேன்."

என் மாணவி சத்யாவின் தாய். வகுப்பில் சீட்டுக்கட்டு வைத்திருந்தாள் என்று நேற்று நான்தான் வரச்சொல்லியிருந்தேன்.

"கொழுந்து பறிக்கக்கூட போகல சேர். நேத்தே அவளுக்கு நல்லா அடிச்சிட்டேன். இனிமே தொடமாட்டா, மன்னிச்சிருங்க."

சொல்லிக்கொண்டே என் போனைப் பார்த்தார். திரையில் சீட்டுகள் விரிந்து கிடந்தன. நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"அம்மா, தப்பு என்னோடதுதான்" என்றேன்.

ஸ்கூலில் சத்யாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவள் கையில் பிரம்படித் தடம் இருந்தது.

"பரவாயில்ல சேர்" என்றாள். அதுதான் தாங்கமுடியவில்லை.

நாளைக்கு அந்தப் பஸ்ஸில் ஏற முகமில்லை. தெல்தோட்டையிலிருந்து அதற்கு முந்திய பஸ் எத்தனை மணிக்கு, யாருக்காவது தெரியுமா?