அநியாயம் என்று சொன்னவர்

ஊறுகாய் பாட்டில் ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி எங்கள் துறைத்தலைவர் அம்மா வகுப்பில் நின்ற காட்சிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளின் நடுவில், துடியலூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியின் வரலாற்றுத் துறையில் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீசைப் பற்றி அவர் எடுத்த பாடத்தைக் கேட்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "சந்தேகப்பட்ட ஆளு உக்காந்த நாற்காலியில துணியை வெச்சு, அவனோட வாசத்தைப் புடிச்சு இந்த மாதிரி பாட்டில்ல அடைச்சாங்க. நாளைக்கு நாயை விட்டுத் தேடலாமுன்னு" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

தொண்டாமுத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். கணவர் இல்லை, அவர் சம்பளத்தில்தான் மகள் படித்துக்கொண்டிருந்தாள். மக்களைக் காப்பதற்கென்று தொடங்கிய அந்த ரகசியப் போலீஸ், மக்களையே வேவு பார்க்கும் படையாக வளர்ந்த கதையைத் தமிழில் புத்தகமாக எழுதிவந்தார். அதிகாரிகளைவிட, அவர்களுக்குத் தகவல் சொன்ன சாதாரண மனிதர்கள்தான் அவரைத் தூங்கவிடாமல் செய்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர், டாக்டர், பாதிரியார், சில வீடுகளில் கணவனே. "அதிகாரி சம்பளத்துக்குச் செஞ்சான். இவங்க எதுக்குங்க செஞ்சாங்க?" என்று மதியச் சாப்பாட்டின்போது கேட்பார். துறையில் மற்ற மூவரான நாங்கள் சோற்றைப் பிசைவோம்.

அந்தக் கோடையில் விடுதியில் தண்ணீர் வரவில்லை. அதைச் சுவரொட்டியாக எழுதி ஒட்டிய மாணவன் ஒருவனைக் கல்லூரியிலிருந்து நீக்கினார்கள். துறை அறையில், கதவு சாத்தியிருக்க, எங்கள் மூவரிடம் மட்டும் "இது அநியாயமுங்க" என்றார் அம்மா. அவ்வளவுதான். மறுநாள் காலை வராந்தாவில் எதிர்ப்பட்ட தாளாளர் சிரித்த முகமாகக் கேட்டார்: "ஏனுங்க மேடம், அநியாயம்னு என்னமோ சொன்னீங்களாமா?"

அன்றைக்கு மாறியது அந்த அறை. அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டார். நாங்கள் எழுந்து வெளியே போனால் அவர் பார்வை வாசல்வரை கூடவே வரும். நானும் மற்ற இருவரையும் அப்படியே பார்த்தேன், அவர்களும் என்னை. ஒரு நாள் அம்மா என்னைத் தனியே அழைத்து, திருப்பூரில் வேறு வேலைக்கு முயல்வதாகச் சொன்னார். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒரு வாரம் கழித்து மூவரையும் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். "உங்க மூணு பேருகிட்டயும் ஆளுக்கொரு பொய் சொல்லிப்போட்டேன். எது தாளாளரு காதுக்குப் போகுதுன்னு பார்க்கறதுக்கு. ஒண்ணுமே போகலீங்க. ஆனா இந்த ஒரு வாரமா உங்க மூஞ்சியை நான் பார்த்த பார்வை இருக்குதே... வேவு பார்த்தவங்களைப் பத்திப் புத்தகம் எழுதறேன்னு, அவங்களாட்டவே ஆயிட்டனுங்க." எங்களுக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. எதன்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் யாரும் கேட்காமலே அவர் எழுந்தார். "ஐயா, ரூமுக்குள்ள நான் பேசறதை யாரோ சுமந்துக்கிட்டு வந்து உங்ககிட்ட இறக்க வேண்டியதா இருக்குது. அவங்களுக்கு எதுக்குங்க அந்தச் சிரமம்? நானே சொல்லீர்றேன். அந்தப் பையனை நீக்குனது அநியாயமுங்க. தண்ணி வரலைன்னு சொல்றது குத்தமில்லீங்க."

"உக்காருங்க மேடம்" என்றார் தாளாளர், அதே சிரிப்போடு.

பையனைப் பரீட்சை எழுத விட்டார்கள். அம்மாவுக்கு அடுத்த ஆண்டு வேலை இல்லை. டவுனில் ஒரு டுடோரியலில் பாடம் எடுத்துக்கொண்டே புத்தகத்தை முடித்தார். சொன்னது யாரென்று எங்களில் எவருக்கும் கடைசிவரை தெரியவில்லை. அல்லது ஒருவருக்கு மட்டும் தெரியும்.

இப்போது நான்தான் துறைத்தலைவர். போன மாதம், பழைய தாளாளரின் நாற்காலிக்கு வந்திருக்கும் அவர் மகன் என்னை அழைத்துக் காப்பி வரவழைத்தார். "உங்க டிபார்ட்மெண்ட்ல எல்லாரும் எப்படிங்க மேடம்? யாராச்சும் ஏதாச்சும் பேசிக்கறாங்களா?" என்று கேட்டார். குரலில் மிரட்டல் இல்லை, அக்கறைதான் இருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி முந்தின நாள் சம்பளத்தைப் பற்றிச் சலித்துக்கொண்டது என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. எனக்கு அவள்மேல் எந்தக் கோபமும் இல்லை. அவரிடம் எனக்கு ஆகவேண்டிய காரியமும் இல்லை. காப்பி சுடுகிறது என்று சொல்லி ஆற்றத் தொடங்கினேன். அது ஏற்கனவே ஆறித்தான் இருந்தது.