பன்னிரண்டு மணிக்கே தெரிந்த செய்தி

அம்பலத்தில் ஆடும் ஐயனின் தூக்கிய திருவடியை நெஞ்சில் நிறுத்தி இதைத் தொடங்குகிறேன். அந்தத் திருவடிக்கு என் பக்தியும் தெரியும், என் பொய்யும் தெரியும். ஆகவே அதன் முன்னிலையில் எழுதுவதே முறை. இன்று மார்கழித் திருவாதிரை. விடியுமுன் நீராடி, நீறணிந்து, பதிகங்களை ஓதி முடித்து, என் மனைவி கிண்டிய களியை நைவேத்தியம் செய்தாயிற்று. அவள் எனக்கு ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விட்டாள். ஆண்டுதோறும் இந்த நாளில் அவள் அப்படித்தான்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டில் திருவாதிரை ஒரு ஞாயிற்றுக்கிழமையில், முழுநிலவோடு கூடி வந்தது. கடல் எழுந்து கரையேறிய ஞாயிறு என்றால் எல்லோருக்கும் விளங்கும். அன்றைய நாளை நினைக்கும்போது எனக்கு முதலில் காதில் விழுவது ஒரு சங்கின் ஒலி. பெங்களூருக்கு வெளியே, மைசூர் சாலையை ஒட்டிய ஒரு கேளிக்கைப் பூங்காவில், சிமெண்டுத் தொட்டியில் செயற்கை அலை எழுப்பும் குளம் ஒன்று இருந்தது. அலை தொடங்குமுன் எச்சரிக்கையாக ஒரு சங்கு ஊதும். அது ஊதியதும் நூற்றுக்கணக்கானவர்கள் கரையிலிருந்து கூவிக்கொண்டே தண்ணீருக்குள் ஓடுவார்கள். அலையை எதிர்கொள்ள ஓடும் அந்தக் கூட்டத்தின் முன்வரிசையில், இரவல் வாங்கிய அரைக்கால் சட்டையோடு, நரைத்த மார்பு நனைய, இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு எங்கள் ஃபோர்மேன் நின்றிருந்தார்.

"ஷிஃப்ட் சங்கு அடிச்சிட்டாங்கடா! எல்லாரும் உள்ள போங்க, லேட்டா வர்றவனுக்கு அரைநாள் சம்பளம் கட்டு!" என்று அவர் கத்த, எங்கள் தொழிற்சாலை ஆட்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். பிறகு கரையில் வேட்டியை மடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். "சாமி! சும்மா ஏன் நிக்கிறீங்க? காலையாவது நனையுங்க. இது கரண்டுல வர்ற அலை, ஒண்ணும் செய்யாது!"

அப்போது மணி பன்னிரண்டைக் கடந்து சில நிமிடங்கள் ஆகியிருந்தன. எனக்குச் செய்தி தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியாது.

நாங்கள் இருவரும் இயந்திர உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். அவர் கடைசல் பிரிவின் ஃபோர்மேன். நான் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் தலைமை எழுத்தர், கூடவே தொழிலாளர் நலச் சங்கத்தின் செயலாளர். அவர் விவேக் நகர்க்காரர், மாதா பக்தர். நான் தொம்மலூர்க்காரன், நெற்றி நிறைய நீறு பூசுகிறவன். இருபது ஆண்டுகளுக்கு மேல் என்னை அவர் 'சாமி' என்றே அழைத்தார். அதில் பாதி கேலி, பாதி மரியாதை. கிறிஸ்துமஸ் வந்தால் அவர் வீட்டுக் குல்குல்லும் அச்சு முறுக்கும் என் மேசைக்கு வரும். திருவாதிரை வந்தால் எங்கள் வீட்டுக் களி அவருடைய லேத் பக்கத்தில் தூக்குப் பாத்திரத்தில் இருக்கும். அதைத் தின்றுவிட்டு, "உங்க சாமி ஆடுறதுக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு, இந்த வெல்லந்தான்" என்பார். உளி முனையை விரல் நுனியால் தொட்டே அதன் கூர்மையைச் சொல்லக்கூடிய மனிதர். தம் கீழ் வேலை செய்தவர்களை ஒருநாளும் மேலிடத்தில் காட்டிக்கொடுத்ததில்லை.

அந்த ஆண்டு அவர் வேலைக்குச் சேர்ந்து இருபத்தைந்து ஆண்டுகள் நிறைந்தன. எங்கள் தொழிற்சாலையில் வெள்ளிவிழா காண்பவருக்கு ஆண்டுச் சுற்றுலாவில் வைத்துத்தான் மரியாதை செய்வது வழக்கம். குடும்பத்தார் முன்னிலையில் சந்தன மாலை, சால்வை, வாழ்த்துமடல். மடலை எழுதி வாசிப்பவன் நான். பூங்காவில் மதியம் மூன்று மணிக்கு விழா, நிர்வாக இயக்குநரே வருகிறார் என்று ஏற்பாடு. ஃபோர்மேனின் மனைவிக்கோ வேளாங்கண்ணியில் ஒரு நேர்த்திக்கடன். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனால் கிறிஸ்துமஸ் திருப்பலிக்கு அங்கே வருவதாக வேண்டியிருந்தார். அவரும் கூடப் போவதாகத்தான் இருந்தது. "விழா நாயகன் இல்லாமல் விழாவா?" என்று கேட்டுத் தடுத்தவன் நான். அந்த அம்மையார் தம் தங்கையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டார். "நேத்து போன்ல பேசினா. இன்னைக்குப் பூசை முடிஞ்சு கடல்ல ஒரு முழுக்குப் போட்டுட்டு, சாயங்கால பஸ்ல ஏறிடுவாளாம்," என்று அன்று காலை பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொன்னார். கடலில் முழுக்கு என்ற சொல்லை என் காதால் கேட்டேன். பிற்பாடு, எனக்கு விவரம் தெரியாது என்று சொல்லிக்கொள்ள வழியில்லாதபடி கேட்டேன்.

பன்னிரண்டு மணி அளவில், சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று உறுதி செய்யப் பூங்கா மேலாளரின் அறைக்குப் போனேன். அங்கே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மெரினாவில் கார்கள் மிதந்தன. மேலாளர் கன்னடக்காரர், தமிழும் பேசுவார். "சார், உங்க தமிழ்நாட்டுல சமுத்திரமே ஊருக்குள்ள வந்திடுச்சாம். கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி எல்லாம் போச்சுங்கிறாங்க," என்றார். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்து அவர் எழுந்தார். "உங்க ஆளுங்க யாராவது அங்க இருக்காங்களா? ஜீப் சும்மாதான் நிக்குது. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விடச் சொல்றேன். சங்கோஜப்படாதீங்க." அந்த மனிதருக்கு எங்களில் ஒருவரையும் தெரியாது. அவருக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. "தேவைப்பட்டால் சொல்கிறேன்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அப்போதுதான் சங்கு ஊதியது.

என் மனைவி ஒரு மர நிழலில் தூக்குப் பாத்திரங்களோடு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் சொன்னேன். அவள் சட்டென்று எழுந்துவிட்டாள். "போய்ச் சொல்லிடுங்க. இப்பவே சொல்லிடுங்க."

"இன்னும் உறுதியாத் தெரியலே. பசியோட இருக்கிறவன்கிட்ட எப்படிச் சொல்றது? சாப்பிட்டு முடிக்கட்டும்."

"அவர் பொண்டாட்டி அங்க இருக்காங்க. இதுல உறுதி என்ன, உறுதி இல்லாதது என்ன?"

"நல்ல நாள்ல, நல்ல காரியம் நடக்கிற இடத்துல, வாயில வரக்கூடாத பேச்சு. எனக்குத் தெரியும், நீ பேசாம இரு."

எங்கள் மக்களிடையே அப்படியொரு வழக்கம் உண்டு. இலை முன் உட்காரப்போகிறவனிடம் சாவுச் செய்தி சொல்வதில்லை. மங்கல காரியம் நடக்கும் இடத்தில் அமங்கலச் சொல் எடுப்பதில்லை. எத்தனையோ கல்யாண வீடுகளில், தாலி ஏறும் வரை செய்தியை மடியில் கட்டிக்கொண்டு சிரித்த முகத்தோடு பந்தி விசாரித்தவர்களைக் கண்டு நான் வியந்திருக்கிறேன். அன்று நானும் அவர்களில் ஒருவனாகிவிட்டதாக எண்ணினேன். அதைவிட மோசமாகவும் எண்ணினேன். கடல் கடைந்தபோது எழுந்த நஞ்சை வாங்கி மிடற்றிலே நிறுத்திய பெருமானை நாள்தோறும் பாடுகிறவன் அல்லவா? நானும் ஒரு நஞ்சைத் தொண்டையில் நிறுத்தி ஒருவரைக் காப்பதாக, அந்த மர நிழலில் நின்று உண்மையாகவே நினைத்தேன். இதை எழுத என் கை கூசுகிறது.

ஒரு மணிக்குப் பந்தி. ஃபோர்மேன் தலையைத் துவட்டிக்கொண்டு நேராக என் மனைவியிடம்தான் வந்தார். நின்றபடியே களியை ஒரு வாய் போட்டுக்கொண்டு, "அக்கா, இந்த வருஷம் ஜோரா வந்திருக்கு," என்றார். "எங்க வீட்டுக்காரிக்கு ஒரு கிண்ணம் எடுத்து வையுங்க. காலையில வந்து இறங்கினதும் முதல்ல களி எங்கேன்னுதான் கேப்பா." என் மனைவி பாத்திரத்தை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குழாயடிப் பக்கம் போய்விட்டாள். "அக்காவுக்கு என்ன ஆச்சு சாமி? உங்ககூடச் சண்டையா? நீங்க சொல்ப, கொஞ்சமாவது விட்டுக் குடுங்க," என்று என் தோளில் தட்டினார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை மட்டும் யாராவது என் முகத்திலிருந்து சுரண்டி எடுத்துவிட முடியுமானால் எடுத்துக்கொள்ளட்டும்.

சாப்பிட்டு முடித்த பிறகும் நான் சொல்லவில்லை. வழக்கம் கேட்டது சாப்பாடு முடியும் வரைதான். இலையை எடுத்த பிறகு எனக்கு எந்தச் சாக்கும் மிச்சமில்லை. இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் சட்டைப் பையில் வாழ்த்துமடல் இருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து, பழைய பாடல்களின் நடையில், சீர் தளை பார்த்து நான் கட்டிய மடல். நிர்வாக இயக்குநர் தமிழறிந்தவர். அவர் முன்னால் அதை வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. செய்தியைச் சொன்னால் விழா இல்லை, விழா இல்லையென்றால் மடல் இல்லை. அன்று நான் காத்தது ஃபோர்மேனின் பசியையோ மங்கல நாளையோ அல்ல. என்னுடைய இருபது வரிகளைத்தான் காத்தேன்.

மூன்று மணிக்கு இயக்குநர் வந்தார். ஃபோர்மேன் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு, ஈரத் தலையைப் படிய வாரி, கூச்சத்தோடு மேடையில் உட்கார்ந்தார். நான் வாசித்தேன். கடலினும் பெரிது இவர் பொறுமை என்று ஓர் அடி அதில் உண்டு. மூன்று வாரங்களுக்கு முன் எழுதியது. அந்த இடம் நெருங்கியபோது அதைத் தாண்டிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தாண்டினால் எதுகை கெடும் என்று வாசித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

நாலரை மணிக்குப் பேருந்தில் ஏறும்போது, வண்டியிலேயே இருந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்த ஓட்டுநர் கீழே குதித்து ஓடி வந்தார். "ஃபோர்மேன் அண்ணா, வேளாங்கண்ணியில ஜனங்களக் கடல் அடிச்சுட்டுப் போயிருக்காமே! உங்க வீட்டம்மா அங்கதானே போனாங்க?" ஃபோர்மேன் கழுத்துச் சால்வையை இரண்டு கையாலும் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார். எதையும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது அவர் பழக்கம்.

"சாமி, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"இப்பத்தான் நானும் கேக்கிறேன்," என்றேன்.

என் மனைவி எனக்கு ஓரடி பின்னால் நின்றிருந்தாள்.

பேருந்து நகரத்தைத் தொட ஏழு மணியாயிற்று. கிடைத்த பேருந்தில் ஏறி அவர் போனார். தஞ்சாவூருக்கு அப்பால் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். லாரியிலும் நடையுமாக, மறுநாள் உச்சி வேளையில் வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்தார். மனைவியின் தங்கை உயிர் தப்பியிருந்தாள். அக்காவின் உடலை அவளே அடையாளம் கண்டு, ஞாயிறு மாலையிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எங்கும் உடல்கள், கிடத்த இடமில்லை, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "மாமா வந்துக்கிட்டிருக்காரு, கொஞ்சம் பொறுங்க" என்று அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். புதைக்க வந்தவர்களும் எத்தனை பேருக்காகப் பொறுப்பார்கள்? காலை ஒன்பது மணிக்குப் பெருங்குழியில் வரிசையாக வைத்து மூடிவிட்டார்கள். அவர் போனபோது மண் சமமாக இருந்தது.

எட்டு நாள் கழித்து வேலைக்கு வந்தார். நேரே டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து நின்றார். அங்கிருந்தவர்கள், "நல்லவேளை, இவர் உங்களைப் போகவிடாமல் பிடித்து வைத்தார், இல்லையென்றால் நீங்களும்..." என்று என்னைக் காட்டிச் சொன்னார்கள். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவர்கள் நகர்ந்த பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்கு உங்களுக்கு எத்தனை மணிக்குத் தெரியும்?"

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. என் மனைவி துக்கம் விசாரிக்கப் போய்வந்திருந்தாள். "பன்னிரண்டு," என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டார். பிரேதம் மூடப்பட்ட மணியிலிருந்து பின்னோக்கி, ஊர் ஊராக வந்திருப்பார் போலும். "பன்னண்டுக்குக் கிளம்பியிருந்தா விடியறதுக்குள்ள போயிருப்பேன். பொழைக்க வச்சிருக்க முடியாது. மூஞ்சியப் பாத்திருப்பேன்." கம்பியிலிருந்து கையை எடுத்தார். "களி சாப்பிட்டேனே சார், அன்னைக்கு. உங்க முன்னால நின்னு சாப்பிட்டேனே."

'சார்' என்ற அந்தச் சொல் அன்றுதான் முதன்முதலாக வந்தது. அதற்குப் பிறகு என்னை அவர் வேறு விதமாக அழைக்கவேயில்லை. திட்டவில்லை, பேச்சை நிறுத்தவுமில்லை. நான்கு ஆண்டு கழித்து அவர் ஓய்வு பெற்றபோது, பிரிவுபசாரத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்கப் போனேன். உளிகளைத் துடைத்துக்கொண்டே, "மடல் மட்டும் வேணாம் சார்," என்றார். இப்போதும் விவேக் நகர்க் கடைத்தெருவில் எப்போதாவது எதிர்ப்படுகிறார். கைத்தடி பிடித்திருக்கிறார். நின்று, உடம்பு எப்படி என்று விசாரித்துவிட்டுப் போகிறார். மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒவ்வொரு முறையும் வாயெடுக்கிறேன். எனக்கு ஆறுதல் தேடி அவரிடம் இன்னொன்றையும் கேட்டு வாங்குவதாக அது ஆகிவிடும் என்று விட்டுவிடுகிறேன். அதுவும் ஒரு சாக்குத்தானோ என்னவோ.

பெருமான் நஞ்சை விழுங்கியது பிறர் பிழைக்க. நான் விழுங்கியது நான் கைதட்டல் பெற. எழுபத்தெட்டு வயதில், இத்தனை பாட்டை மனனம் செய்த பிறகு, இந்த ஒரு வேறுபாடு எனக்கு விளங்கியிருக்கிறது. விளங்க ஃபோர்மேன் கொடுத்த விலை பெரிது.

இதைப் படிக்கும் எல்லோரும் நீறும் நிழலும்போல ஐயன் அருகில் நீடு வாழ்க. உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும், போனவர் திரும்பி வரட்டும். ஒருவேளை கெட்ட செய்தி ஒன்று உங்களுக்கென்று புறப்பட்டால், அது நல்ல நாள் பார்க்காமல், பசி பார்க்காமல், உரிய நேரத்தில் உங்களை வந்து அடையட்டும். அதைக் கொண்டுவருபவன் நாவில், என் நாவில் இல்லாத துணிவை இறைவன் வைக்கட்டும்.