அரைமுகச் சித்தப்பாவும் அடங்காத நுரையும்

மலையைக் குடைந்தவர்கள் உண்டு, கடலைத் தாண்டியவர்கள் உண்டு. முகம் கழுவியே குடும்பத்தைக் காப்பாற்றும் மாவீரர் எங்கள் சித்தப்பா ஒருவர்தான். அவர் கன்னத்தில் நுரை எழுந்தால் மேகங்கள் வெட்கப்பட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

வேலை இதுதான். முகம் கழுவும் திரவம் தயாரிக்கும் கம்பெனியில் அவர் சோதனை முகம். மூக்குக்கு இந்தப் பக்கம் பழைய சரக்கு, அந்தப் பக்கம் புதுச் சரக்கு. கழுவித் துடைத்ததும் ஒரு பெண் வந்து கன்னத்தில் கருவியை வைத்துத் தோலில் ஈரம் மிச்சமிருக்கிறதா என்று அளப்பாள். இந்த உழைப்புக்கு டிபன் பாக்ஸ் வேறு எடுத்துப் போவார். தெருவில் அவரை ‘அரைமுகம்’ என்றால்தான் தெரியும். பெயர் வைத்த புண்ணியம் என்னுடையது.

சாப்பிட உட்கார்ந்தால் போதும், பாடம் தொடங்கிவிடும். நுரைக்கிற பொருளுக்கு ஒரு தலை, ஒரு வால். தலை தண்ணீரோடு ஒட்டும், வால் எண்ணெயோடு ஒட்டும். கல்யாண வீட்டில் இரண்டு சம்பந்திக்கும் தலையாட்டுகிற ஆள் மாதிரி என்று நான் சொன்னேன். அதேதான் என்று அவர் மகிழ்ந்துபோனார். கிண்டல் புரியாத மனிதரைக் கிண்டல் செய்வது வீண் உழைப்பு.

முரட்டுச் சரக்கு, விருந்துக்கு வந்துவிட்டுப் போகும்போது வீட்டுச் சாமானையும் தூக்கிக்கொண்டு போகிற உறவுக்காரனாம். அழுக்கோடு தோலின் சொந்த எண்ணெயையும் வழித்துக்கொண்டு போய்விடும். பிறகு முகம் காய்ந்த பப்படம்தான். மென்மையான சரக்கின் தலை பெரியது, தோலுக்குள் எளிதில் நுழையாது. அழுக்கை மட்டும் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கிளம்பும். அதன் நுரையும் பொடிப்பொடியாக, பாலாடை போல இருக்கும். நுரை மலைபோல் எழுந்தால்தான் சுத்தம் என்று நம்புகிறவர்களை நினைத்துச் சித்தப்பா பெருமூச்சு விடுவார். நாட்டுக்கு வேறு கவலையே இல்லை பாருங்கள்.

இவ்வளவு பேசுகிறவரைச் சோதிக்காமல் விடலாமா? ஞாயிறு மதியம், குளியலறையில் அவர் தினமும் முகம் கழுவ வைத்திருக்கும் பாட்டிலைக் காலி செய்து, பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றி வைத்தேன். நிறம் அச்சு அசல். திங்கள் காலை அவர் முகம் தக்காளியாவதைப் பார்க்க எனக்கு ஆசை.

ராத்திரிச் சாப்பாட்டில் சித்திதான் கெடுத்தாள். போன மாதம் கன்னம் சிவந்து போனதால் கம்பெனியில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நாளைக்குப் புதுச் சரக்கின் கடைசிச் சோதனை.

“நாளைக்கும் செவந்து போனா மறுபடி கிடங்குலதான் போடுவாங்க,” என்றாள். “ஆபரேஷன் பண்ணின முதுகை வச்சுக்கிட்டு மூட்டை தூக்குவாரா இவரு?”

சித்தப்பா தட்டில் இல்லாத எதையோ பிசைந்துகொண்டிருந்தார். எனக்கும் சோறு இறங்கவில்லை. சோறு குழைந்திருந்தது, அதனால்தான்.

விடிந்ததும் விடியாததுமாகப் பாட்டிலைக் கொட்டிவிடலாம் என்று குளியலறைக்குப் போனேன். மூடியைத் திறக்கிறேன், வாசலில் கையில் சுருட்டிய துண்டோடு அரைமுகம்.

என்ன இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டார். முகம் கழுவ என்றேன். சரி, கழுவு, நானும் பார்க்கிறேன் என்று கதவில் சாய்ந்துகொண்டார்.

வேறு வழியில்லை. உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தேன். குமிழ்கள் கோலிக்குண்டு அளவில் கிளம்பின. ஒரு கன்னம் முடிந்தது. தோல் சுருக்குப்பை மாதிரி இழுத்தது. மறு கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோனபோது அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

துண்டுக்குள்ளிருந்து கம்பெனி கொடுத்த இன்னொரு பாட்டிலை எடுத்தார்.

“நேத்து சாயங்காலமே குலுக்கிப் பாத்துட்டேன்டா. நுரையைப் பாத்தா எனக்குத் தெரியாதா? வந்து கொட்டுவியா மாட்டியான்னுதான் பேசாம இருந்தேன்.”

எனக்குக் கண் எரிந்தது. நுரை பட்டிருக்கும்.

என் மறு கன்னத்தில் அவரே பாலாடை நுரையைத் தடவினார், தண்ணீர் விட்டுக் கழுவினார், துண்டால் ஒற்றினார். பிறகு கருவி வைக்கிற பெண்ணைப் போலவே குனிந்து இரண்டு பக்கத்தையும் பார்த்தார்.

“எந்தப் பக்கம் இழுக்குது, சொல்லு அரைமுகம்.”