அஞ்சலையக்காவின் பரோல் மனு

மந்திரிமார் மேடையில் தமிழ் முழங்கட்டும், கோர்ட்டுக் காகிதம் என்னவோ இங்கிலீஷில்தான் வரும். அதனால்தான் திருத்துறைப்பூண்டி தாலுகா ஆபீஸ் எதிரே மனு டைப் அடிக்கிற எனக்குப் பதினேழு வயசிலேயே பிழைப்பு ஓடியது. என்னைப் போல ஸ்டூலில் குந்தி முதுகு ஒடிந்தவர்களே, உங்களுக்குத் தெரியும்: அடித்தால் போதாது, படித்து அர்த்தமும் சொல்ல வேண்டும். நான் அதை ஆளுக்கு ஆள் குரல் மாற்றி, அவரவர் மாதிரியே பேசிக் காட்டிச் சொல்வேன்.

வில்லன்

மிராசுதாரின் காரியஸ்தர் வந்து, அறுப்புக்கு வராத ஆட்கள் மேல் புகார் அடிக்கச் சொன்னார். முதல் பெயர் கூலியாட்கள் சங்கத்து மாரிமுத்து. "வில்லன்னு போடுடா" என்றார். டிக்‌ஷனரியைப் பிரித்து, அவருடைய மூக்குக் குரலிலேயே வாசித்தேன்: ஆதியில் வில்லன் என்றால் பண்ணையாள், பெரிய மனுஷர்கள் ஏசி ஏசியே அவன் கெட்டவனாகிவிட்டான். வெட்கப்படுவார் என்று பார்த்தேன். வெற்றிலையை மென்றபடி தலையாட்டினார்.

"வெள்ளைக்காரன் அப்பவே சரியாத்தாண்டா சொல்லியிருக்கான்."

பாய்காட்

புகார் பலித்தது. மாரிமுத்து அண்ணன் ஜெயிலுக்குப் போனார். தீர்ப்பு நகலைத் தூக்கிக்கொண்டு அவர் சம்சாரம் அஞ்சலையக்கா வந்தது, ஏழு மாச வயிறோடு. அதில் பாய்காட் என்று இருந்தது. அது ஒரு ஆளின் பெயர் என்றேன். அயர்லாந்தில் ஒரு பண்ணை ஏஜெண்ட். குடியானவர்கள் அவருக்கு அறுப்பு அறுக்கவில்லை, கடைக்காரன் சாமான் கொடுக்கவில்லை; அவர் பெயரே அப்படி ஒதுக்கிவைப்பதற்குப் பெயராகிவிட்டது. அக்கா யோசித்தது.

"அந்த ஊருலயும் பொண்டாட்டிங்கதான் ஜெயில் வாசல்ல நின்னாங்களா, தம்பி?"

பரோல்

பிள்ளை பிறந்தது. பச்சைப் பிள்ளையை ஜெயில் வாசலுக்குத் தூக்கி வராதே என்று அண்ணன் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் வந்து பார்க்கட்டும் என்று பரோல் மனு அடித்தோம். பிரெஞ்சில் பரோல் என்றால் வெறும் 'சொல்'தான். திரும்பிவிடுவேன் என்று சொல் கொடுத்துவிட்டு வெளியே வருவது.

மனு தள்ளுபடி ஆனது. அந்தப் பதிலை ஜெயில் சூப்பிரண்டு குரலில் படித்தேன்; எனக்கே சிரிப்பு வரவில்லை. அக்கா இடுப்பிலிருந்த பிள்ளையை என் பக்கம் திருப்பியது. "அவரு மாதிரி பேசு. புள்ள கேட்டதே இல்ல."

சங்க மனு அடிக்க அண்ணன் எத்தனையோ தரம் வந்திருக்கிறார். அந்தக் கரகரப்பு எனக்கு மனப்பாடம். "அஞ்சலை, வந்துர்றேன்" என்றேன். அக்கா பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றியது.

"அவரு என்னயப் பேரு சொல்லிக் கூப்புட மாட்டாரு தம்பி, 'இந்தா புள்ள'ன்னுதான். எங்க, இன்னொருக்கா சொல்லு."

தள்ளுபடி ஆக ஆக, அதே பரோல் மனுவை அப்புறம் நாலு தடவை அடித்ததில்தான் நான் தப்பில்லாமல் டைப் அடிக்கப் பழகினேன்.