நான் உட்கார வைத்த விமலன்

மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர்களிடம் விமலனைப் பற்றிக் கேட்டால், "அந்தக் காவடிக்காரரா?" என்பார்கள். பதினெட்டு வருடம் பத்துமலைக்குக் காவடி எடுத்தவன். திருநீறு பூசாமல் ஸ்டியரிங்கைத் தொடமாட்டான். ஆனால் அவனுடைய ஐசியில், அதாவது அடையாள அட்டையில், மதம் இஸ்லாம் என்றிருந்தது.

அதில் அவன் குற்றம் எதுவுமில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது அப்பன் மதம் மாறி, மகனையும் சேர்த்துப் பதிந்துவிட்டு எங்கோ போய்விட்டான். கேரி தீவு எஸ்டேட்டில் அம்மாதான் முருகா முருகா என்று வளர்த்தாள். பன்னிரண்டு வயதில் ஐசி எடுக்கப் போனபோதுதான் விஷயமே தெரிந்தது. கவுண்டர் கவுண்டராக அலைந்தான். இங்கே போனால் அங்கே போ என்பார்கள், அங்கே போனால் இங்கே. கோர்ட்டுக்குப் போக மட்டும் பயம். போனால் பிடித்து அடைத்து வைப்பார்கள் என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். லோகேஸ்வரிக்குக் கோயிலில் தாலி கட்டினான். ஐசியில் இஸ்லாம் என்றிருந்ததால் கல்யாணத்தைப் பதிய முடியவில்லை.

"பாலா, மத்ததெல்லாம் போகட்டும் லா. செத்தா என்னை எரிச்சிடுங்க. எங்கம்மாவக் கரைச்ச கடல்லயே கரைச்சிடுங்க" என்பான் என்னிடம். அவன் கேட்டது அவ்வளவுதான்.

மூன்று வருடம் முன்பு பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் கூட்டம். ஒரு வக்கீலம்மா அரசியலமைப்பை விளக்கினார். பத்தாவது பிரிவு பேச்சுரிமைக்கு, பதினோராவது மத உரிமைக்கு என்றார். "ஐசியில மதம் தப்பாப் பதிஞ்ச சிக்கல்ல மாட்டினவங்க இருந்தா எந்திரிச்சு சொல்லுங்க. பதிவு பண்ணி வைப்போம், நாளைக்கு உதவும்" என்றார். விமலன் எழுந்துவிட்டான். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"டேய், வீடியோ எடுக்கிறானுங்க! போலீஸ் கூப்பிட்டா கம்பெனியில வச்சிருப்பானா? சென்சிட்டிவ் லா இதெல்லாம். வாயைக் கட்டு!"

அவன் உட்கார்ந்தான். நண்பனைக் காப்பாற்றிவிட்டதாக எனக்குப் பெருமை வேறு. தூ!

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, துறைமுகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. மறுநாள் காலை பிணவறைக்குப் போனோம். "அண்ணே, பத்து மணிக்கு அந்த வக்கீலம்மா வரேன்னாங்க. அதுவரைக்கும் ஐசியக் காட்டாதீங்க" என்று லோகேஸ்வரி கெஞ்சினாள். சனிக்கிழமை, ஒன்பது மணிக்கு ராகுகாலம். அதற்குமுன் உடலை எடுத்தாக வேண்டும் என்று எனக்குப் பரபரப்பு. நானே போய் ஐசியை நீட்டினேன். கவுண்டரில் இருந்தவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனை எடுத்தார்.

அரை மணியில் இஸ்லாமிய சமய இலாகா அதிகாரி வந்தார். மனிதர் கெட்டவர் இல்லை. லோகேஸ்வரிக்கு நாற்காலி போடச் சொன்னார், காவடிப் படங்களைப் பொறுமையாகப் பார்த்தார். விமலன் தினமும் சாப்பிடும் கடைக்காரர் நசீருதீன் பாய் கூட வந்திருந்தார். "ஒரு நாளும் தொழாத மனுஷனை இழுத்துக்கிட்டுப் போய் அடக்கம் செஞ்சா எங்க மார்க்கத்துக்கு என்ன பெருமை சார்?" என்று அவர் கண் கலங்கி வாதாடினார். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

அதிகாரி கேட்டார்: "இவர் தன் வாயால், நாலு பேர் முன்னால், நான் இந்து என்று சொன்ன பதிவு இருக்கிறதா? இருந்தால் இன்றைக்கு நிறுத்தி வைக்கிறேன்."

அன்று கூட்டத்தில் நான் அவனை உட்கார வைத்தது தெரிந்த லோகேஸ்வரி என்னைப் பார்த்தாள். ஐயோ, அந்தப் பார்வை! இப்போது ஊரெல்லாம் அவன் கதையைச் சொல்லித் திரிகிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

வக்கீலம்மா வந்து சேர்ந்தபோது உடலை ஏற்றிய வண்டி போய்விட்டது. மதியம் புதைத்துவிட்டார்கள்.

அவனுடைய சட்டை, பர்ஸ், கழுத்து ருத்திராட்சம் எல்லாம் ஒரு பையில் இருந்தன. வாங்கிக்கொள்ளக் கையெழுத்துப் போட வேண்டும். கிளார்க் உறவு என்ன என்று கேட்டார். மனைவி என்றாள் லோகேஸ்வரி. கல்யாணப் பத்திரம் கேட்டார். இல்லை.

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்களேன்."

வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். என் வாய் திறக்கவில்லை.

அவளே எழுந்தாள். தாலியை வெளியே எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, மலாயில், கட்டடமே கேட்கும்படி கத்தினாள்: "அவர் என் புருஷன்! இருபத்திரண்டு வருஷம்! அவர் இந்து!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கிளார்க் தலையைத் தூக்காமல், உறவு என்ற கட்டத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதினார்.